ஜினோபிலியை பெஞ்சில் அமர்த்தியபோது

(கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து கோர்ட்டில் நின்று களைத்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஓர் அணியின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரை, யாருடைய பெயரைச் சொன்னால் கூட்டம் கைதட்டுமோ அவரை, தொடக்க ஐவரிலிருந்து எடுத்து பெஞ்சில் உட்காரவைப்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். சரியாக ஆடாதவரை உட்காரவைப்பது வேறு சங்கதி. அதற்கு ஒரு சொற்பொழிவு வேண்டியதில்லை. நன்றாக ஆடிக்கொண்டிருப்பவரை எதற்காக உட்காரவைக்கிறோம், அதை எப்படிச் செய்கிறோம், அந்தக் கசப்பில் பயிற்சியாளரின் பங்கு என்ன என்பதுதான் என் பேச்சு.

இந்த விஷயத்தில் என்.பி.ஏ. உலகத்தில் எவரும் முதலில் சொல்லும் பெயர் மனு ஜினோபிலி. அர்ஜென்டினாவில் கூடைப்பந்துப் பைத்தியம் பிடித்த பாஹியா பிளாங்கா என்ற துறைமுக ஊரில் 1977இல் பிறந்தவர். 1999 டிராஃப்டில் மொத்தம் 58 பேர் தேர்வானார்கள். அதில் இவர் 57ஆவது. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அவரை எடுத்துவைத்துவிட்டு இத்தாலியிலேயே ஆடட்டும் என்று விட்டுவிட்டது. அவர் அங்கே போலோன்யா அணிக்காக ஆடி 2001இல் யூரோலீக் கோப்பையை வென்றார். 2002இல் ஸ்பர்ஸுக்கு வந்து, வந்த முதல் சீசனிலேயே சாம்பியன் ஆனார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அர்ஜென்டினா அரையிறுதியில் அமெரிக்காவை 89-81 என்று தோற்கடித்துத் தங்கம் வென்றது. அந்த அணியின் நாயகன் இவர்தான். 2005இல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸோடு ஏழு ஆட்டம் போராடி மீண்டும் கோப்பை. அதே ஆண்டு ஆல்-ஸ்டார்.

இடது கைக்காரர். பந்தோடு வளையத்தை நோக்கி ஓடி வருவார். ஒரு காலை ஒரு பக்கம் ஊன்றுவார். தடுப்பவர் அந்தப் பக்கம் சாய்வார். சாய்ந்த அந்த நொடியில் அடுத்த காலை எதிர்ப்பக்கம் வீசி, ஆளைக் கடந்து பந்தை வளையத்துக்குள் போட்டுவிடுவார். யூரோ ஸ்டெப் என்று இன்று நம் பிள்ளைகள்கூடச் செய்து பார்க்கிறார்களே, அதை என்.பி.ஏ.வில் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் அவர்.

இவ்வளவு பெரிய ஆளை 2006-07 சீசனின் நடுவில் பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச் பெஞ்சுக்கு அனுப்பினார். ஜினோபிலி அதற்கு முன்பும் சில சமயம் பெஞ்சிலிருந்து வந்தவர்தான். ஆனால் அப்போது அவர் புதியவர். இப்போது ஒலிம்பிக் தங்கமும் இரண்டு என்.பி.ஏ. கோப்பைகளும் கையில் இருக்கும்போது அனுப்புகிறார்கள். அணி அந்தச் சமயம் தடுமாறிக்கொண்டிருந்தது. ஜினோபிலி தடுமாறியதாகச் சொல்ல முடியாது. முதலில் மனம் கசந்தது என்று பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கசக்கத்தான் செய்யும். அதை மறைக்காமல் சொன்னார் என்பதற்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

பாப்போவிச்சின் கணக்கு என்ன? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நம்முடைய பள்ளி, கல்லூரி அணிகளுக்கும் இதே கணக்குதான்.

என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம். பெரிய ஆட்டக்காரர் ஒருவர் 30 முதல் 36 நிமிடம் ஆடுவார். மீதி நேரம் உட்கார்ந்தே ஆகவேண்டும். ஸ்பர்ஸில் டிம் டங்கன், டோனி பார்க்கர், ஜினோபிலி என மூவர். மூவரும் ஒன்றாகத் தொடங்கினால் முதல் குவார்ட்டரில் ஆறேழு நிமிடத்துக்குள் மூவருக்கும் ஒரே சமயத்தில் மூச்சு வாங்கும். ஒன்றாக வெளியே வருவார்கள். அந்த நேரத்தில் கோர்ட்டில் நிற்பவர்களில் பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தத் தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார். முதல் ஆறு நிமிடத்தில் சேர்த்த 8 புள்ளி முன்னிலை அடுத்த நான்கு நிமிடத்தில் கரைந்துவிடும். நீங்கள் எல்லோரும் இதை அனுபவித்திருப்பீர்கள்.

இன்னொன்று. பந்து ஒன்றுதான். 24 நொடிக்குள் எறிந்தாக வேண்டும். பார்க்கர் பந்தை வைத்துக்கொண்டு உள்ளே புகுந்து ஆடுபவர். டங்கன் வளையத்தின் அருகே முதுகைக் கொடுத்து நின்று பந்தைக் கேட்பவர். ஜினோபிலிக்கும் பந்து கையில் இருந்தால்தான் ஆட்டம். மூவரும் ஒரே நேரத்தில் நிற்கும்போது ஒருவர் ஆட மற்ற இருவரும் காத்து நிற்பார்கள். ஜினோபிலியைப் பின்னால் இறக்கினால் பார்க்கர் வெளியே வரும்போது பந்து இவர் கைக்கு வரும். எதிரணியின் முதல் ஐவர் அப்போது களைத்திருப்பார்கள், அல்லது அவர்களுடைய மாற்று ஆட்டக்காரர்கள் இறங்கியிருப்பார்கள். அவர்கள்மேல் ஓர் ஒலிம்பிக் சாம்பியனை ஏவிவிட்டால் என்ன ஆகும்?

2007 பிளேஆஃபில் மைக்கேல் ஃபின்லி தொடங்கினார், ஜினோபிலி பின்னால் வந்தார். இறுதிப் போட்டியில் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாண்ட் அணியை ஸ்பர்ஸ் 4-0 என்று வென்றது. அடுத்த சீசனில் ஜினோபிலியின் சராசரி 19.5 புள்ளி. அவர் வாழ்நாளில் அதுதான் உச்சம். டங்கன் 19.3, பார்க்கர் 18.8. அதாவது அணியில் அதிகப் புள்ளிச் சராசரி வைத்தவர் பெரும்பாலான ஆட்டங்களில் தொடக்க ஐவரில் இல்லை! சராசரியாக 31 நிமிடம் ஆடித்தான் இவ்வளவும். சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருதும் அந்த ஆண்டு அவருக்கே வந்தது. லீகின் சிறந்த பதினைந்து பேர் வரிசையிலும் இடம் கிடைத்தது.

நம் ஊர்க் கூத்தில் பெரிய வேஷம் முதலில் வருவதில்லை. கட்டியங்காரன் வந்து, சின்ன வேஷங்கள் ஆடி, ஊர் சூடான பிறகுதான் திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் குரல் கேட்கும். பின்னால் வருகிறவர் சின்னவர் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. கூடைப்பந்தில் மட்டும் ஏன் அப்படி நினைக்கிறோம்? காரணம் இருக்கிறது. அதை நாம் லேசாகத் தள்ளிவிடக் கூடாது.

அமெரிக்காவில் ஓர் அரங்கை நினைத்துப் பாருங்கள். ஆட்டத்துக்கு முன் விளக்குகளை அணைப்பார்கள். ஒளி ஒன்று மட்டும் கோர்ட்டின் நடுவில் சுழலும். ஒலிபெருக்கியில் ஐந்து பெயர்களை ஒவ்வொன்றாக நீட்டி முழங்குவார்கள். இருபதாயிரம் பேர் எழுந்து நிற்பார்கள். ஆறாவது பெயர் கிடையாது. ஆறாவது ஆள் அந்த ஐவருக்கும் கைகொடுத்து முதுகில் தட்டி அனுப்பிவிட்டு, போய் உட்கார வேண்டும். பிறகு அழைப்பு வந்ததும் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு, ஸ்கோர் எழுதும் மேஜைக்கு முன்னால் மண்டியிட்டு, ஆட்டம் எப்போது நிற்கும் என்று காத்திருக்க வேண்டும். பத்து வருடம் பெயர் சொல்லி அழைக்கப்பட்டவருக்கு அது சாதாரண விஷயமா?

காசும் இருக்கிறது. இளம் ஆட்டக்காரர்களின் முதல் ஒப்பந்தம் முடியும்போது, அவர் ஒரு சீசனில் 41 ஆட்டம் தொடங்கினாரா அல்லது 2000 நிமிடம் ஆடினாரா என்பதைப் பொறுத்து அணி அவருக்குத் தரவேண்டிய தொகை மாறும். இப்படிப்பட்ட இடத்தில் நின்றுகொண்டு "தியாகம் செய், அணிக்காக விட்டுக்கொடு" என்று உபதேசம் செய்வது சுலபம். உபதேசம் செய்பவரின் பெயர் எந்தப் பட்டியலிலிருந்தும் போவதில்லையே.

நல்ல ஆட்டக்காரரைப் பெஞ்சிலிருந்து இறக்கும் இந்த ஏற்பாட்டைப் பாஸ்டன் செல்டிக்ஸ் பயிற்சியாளர் ரெட் ஆவர்பாக் 1950களிலேயே தொடங்கிவிட்டார். முதலில் ஃபிராங்க் ராம்சி, பிறகு 1962இல் வந்த ஜான் ஹேவ்லிசெக். யார் தொடங்குகிறார் என்பதைவிட யார் முடிக்கிறார் என்பதே ஆவர்பாக்குக்கு முக்கியம். ஹேவ்லிசெக் எட்டு முறை சாம்பியன். செல்டிக்ஸ் வரலாற்றில் இன்றுவரை அதிகப் புள்ளி எடுத்தவர் அவர்தான். ஆறாவது ஆட்டக்காரர் விருது 1982-83இல்தான் வந்தது. ஃபிலடெல்ஃபியாவின் பாபி ஜோன்ஸ் அதை முதலில் பெற்றார். 2022 முதல் அந்தக் கோப்பைக்கு ஹேவ்லிசெக்கின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது.

ஆவர்பாக்கின் அந்த வார்த்தையில்தான் முடிச்சு இருக்கிறது: முடிப்பவர் யார்? ஜினோபிலி தொடக்கத்தில் உட்கார்ந்தார், சரி. நான்காம் குவார்ட்டரில் கடைசி ஐந்து நிமிடம் எங்கே இருந்தார்? கோர்ட்டில். ஆட்டம் இழுபறியாக இருக்கும்போது பந்து யார் கையில் இருந்தது? பெரும்பாலும் அவர் கையில். பாப்போவிச் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஆட்டத்தின் முதல் ஆறு நிமிடம். திருப்பிக் கொடுத்தது ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடமும், இரண்டாம் அணியின் முழுப் பொறுப்பும். இந்தக் கொடுக்கல் வாங்கல் நியாயமாக இருந்ததால்தான் கசப்பு நாளடைவில் கரைந்தது.

இன்னொன்றும் உண்டு. பாப்போவிச் இதைக் கல்வெட்டாக்கவில்லை. 2010-11இல் ஜினோபிலியைத் தொடக்க ஐவரில் வைத்தார், அந்த சீசனில் அவர் 79 ஆட்டம் தொடங்கினார். மறுபடி பெஞ்ச். 2013 இறுதிப் போட்டியில் மயாமியோடு 2-2 என்று நின்றபோது, அந்த சீசன் முழுக்கத் தொடங்காதவரை ஐந்தாம் ஆட்டத்தில் தொடக்க ஐவரில் இறக்கினார். 35 வயது ஜினோபிலி 24 புள்ளி எடுத்தார், 10 அசிஸ்ட் கொடுத்தார், ஸ்பர்ஸ் வென்றது. அடுத்த ஆட்டத்தில் அவரே எட்டு முறை பந்தைப் பறிகொடுத்தார், அந்தத் தொடரும் கைநழுவியது. ஆனாலும் பாப்போவிச் அவரைக் கைவிடவில்லை. 2014இல் அதே மயாமியை 4-1 என்று வென்றபோது, ஜினோபிலி மறுபடி பெஞ்சிலிருந்து வந்து ஆடிக்கொண்டிருந்தார். 1057 ஆட்டம் ஆடியவர், அதில் தொடங்கியது 349 மட்டுமே. 2022இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார்.

பாப்போவிச் டங்கனையே எல்லோர் முன்னிலும் கண்டித்தவர் என்பது ஊரறிந்தது. அணியின் முதல் ஆளுக்கே சலுகை இல்லை என்றால் மற்றவருக்கு வைக்கும் கோரிக்கையில் யாரும் பாரபட்சம் பார்க்க மாட்டார்கள். நட்சத்திரத்தைப் பெஞ்சில் உட்காரவைக்கும் துணிச்சல் பயிற்சியாளருக்கு அன்று காலையில் வருவதில்லை. அதற்கு முந்தைய நான்கைந்து வருடம் அவர் எல்லோரிடமும் எப்படி நடந்துகொண்டார் என்பதிலிருந்து வருகிறது.

பாப்போவிச் செய்ததைப் பின்னாளில் செய்த ஸ்டீவ் கெர், 2003இல் ஸ்பர்ஸில் ஜினோபிலியோடு ஆடியவர். 2014இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் பயிற்சியாளராக வந்ததும் ஆண்ட்ரே இகுவோடாலாவைப் பெஞ்சுக்குப் போகச் சொன்னார். அதுவரை இகுவோடாலா ஆடிய 758 லீக் ஆட்டத்திலும் தொடக்க ஐவரில் இருந்தவர். ஒன்றுகூட விடவில்லை. அவருடைய இடத்தில் தொடங்கியவர் இளைஞர் ஹாரிசன் பார்ன்ஸ். இகுவோடாலா அந்த சீசனில் 77 ஆட்டம் ஆடினார், ஒன்றைக்கூடத் தொடங்கவில்லை. அணி 67 வெற்றி பெற்றது.

இறுதிப் போட்டியில் கிளீவ்லாண்ட் 2-1 என்று முந்தியது. கெர்ரின் உதவியாளரான நிக் யுரென் என்ற இளைஞர் ஒரு யோசனை சொன்னார். நெடிய சென்டர் ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்து இகுவோடாலாவைத் தொடங்கச் சொல்லலாம் என்று. கெர் அதை ஏற்றார். பத்திரிகையாளர்களிடம் அணியில் மாற்றமில்லை என்று சொல்லிவிட்டு, ஆட்டம் முடிந்த பிறகு பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டார். நான்காம் ஆட்டம் 103-82. அடுத்த இரண்டும் வெற்றி. இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கான 11 வாக்கில் 7 இகுவோடாலாவுக்கு விழுந்தது.

எல்லோரும் இகுவோடாலாவைக் கொண்டாடுகிறார்கள், கொண்டாட வேண்டியதுதான். எனக்கு அந்தக் கதையில் மறக்கக் கூடாதவர் போகட். 2005 டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வானவர். சீசன் முழுக்கத் தடுப்பாட்டத்தின் தூணாக நின்றவர். கோப்பைக்கு மூன்று ஆட்டம் இருக்கும்போது இடம் போயிற்று. நான்காம் ஆட்டத்தில் சில நிமிடமே ஆடினார். அவருக்கு விருது இல்லை, அவர் பெயரில் கட்டுரைகளும் இல்லை. உங்கள் அணியில் உட்காரப் போகிற பெரும்பாலோர் போகட்டாகத்தான் இருப்பார்கள். இகுவோடாலாவைப் போல முடிவில் பரிசு கிடைக்கும் என்று ஆசை காட்டி ஒருவரை உட்காரவைக்காதீர்கள்.

கெட்டுப்போன இடங்களையும் பார்க்க வேண்டும். ஆலன் ஐவர்சன், 2001இன் மிகச் சிறந்த ஆட்டக்காரர். நான்கு சீசன் லீகில் அதிகப் புள்ளிச் சராசரி வைத்தவர். 2009 வசந்தத்தில் டெட்ராய்ட் அவரைப் பெஞ்சுக்கு அனுப்பியபோது, இப்படி ஆடுவதைவிட ஓய்வு பெறுவதே மேல் என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்து மெம்ஃபிஸில் சேர்ந்தார். அங்கும் பெஞ்ச்தான். மூன்றே ஆட்டத்தில் விலகினார். ஐவர்சனுக்குத் தலைக்கனம் என்று எழுதினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அவர் இரண்டு ஊரிலும் அந்நியர். டெட்ராய்டுக்கு வந்து ஒரு சீசன் முடியவில்லை, மெம்ஃபிஸில் சில வாரம்தான். ஜினோபிலிக்கு ஸ்பர்ஸில் இருந்த நான்கரை ஆண்டுப் பழக்கம் ஐவர்சனுக்கு அந்த இரண்டு ஊரின் பயிற்சியாளர்களோடும் இல்லை. நம்பிக்கையே பிறக்காத இடத்தில் விட்டுக்கொடு என்று கேட்டால் யார் கொடுப்பார்? அவரும் பொறுமை காட்டியிருக்கலாம் என்பது உண்மை. ஆனால் பழியில் பாதிக்கு மேல் கேட்ட விதத்துக்குப் போக வேண்டும் என்பது என் தீர்ப்பு.

ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் கதையில் வேறொரு பாடம். 2017இன் மிகச் சிறந்த ஆட்டக்காரர். 2022 அக்டோபரில், லேக்கர்ஸ் பயிற்சியாளர் டார்வின் ஹாம் சீசனுக்கு முந்தைய ஆட்டம் ஒன்றில் அவரைப் பெஞ்சிலிருந்து இறக்கிப் பார்த்தார். இறங்கிய சிறிது நேரத்தில் தொடைத் தசை பிடித்து வெளியே வந்தார். வழக்கம் மாறியதும் அதற்கு ஒரு காரணம் என்று வெஸ்ட்புரூக் பிறகு சொன்னார். பலர் அதைச் சாக்கு என்றார்கள். பயிற்சியாளர்களான நாம் அப்படிச் சொல்லக் கூடாது. வார்ம்-அப் முடிந்து உடம்பு சூடாக இருக்கும்போது உட்காருகிறார். கடிகாரத்தில் ஆறு நிமிடம் என்றால் ஃபவுல், டைம்-அவுட் எல்லாம் சேர்த்து நிஜத்தில் அதைப்போல இரு மடங்காகிவிடும். அதற்குள் தசை குளிர்ந்துவிடும். பதினான்கு வருடம் ஒரே மாதிரி தொடங்கிய உடம்பு அது. அதனால்தான் பெரிய அணிகளில் மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சுக்குப் பின்னால் சைக்கிள் மிதிப்பதையும், தரையில் படுத்துக் காலை நீட்டி மடக்குவதையும் பார்க்கிறோம். உங்கள் ஆறாவது ஆளுக்கு அப்படி ஒரு பழக்கத்தை நீங்கள் ஏற்படுத்திக் கொடுத்திருக்கிறீர்களா? உட்காரவைக்க முடிவெடுத்த அன்றே அதையும் முடிவெடுக்க வேண்டும்.

அதே வெஸ்ட்புரூக் 2023 நவம்பரில் கிளிப்பர்ஸில் இருந்தார். ஜேம்ஸ் ஹார்டன் வந்து சேர்ந்த பிறகு அணி தோற்றுக்கொண்டே இருந்தது. அப்போது வெஸ்ட்புரூக் தாமாகவே பயிற்சியாளர் டைரன் லூவிடம் போய், என்னைப் பெஞ்சிலிருந்து இறக்குங்கள் என்றார். லேக்கர்ஸில் முறுக்கிக்கொண்டவர் என்று பெயர் வாங்கியவர் இவர். ஓராண்டில் மனிதர் மாறிவிட்டாரா? கேட்கப்பட்ட இடம் மாறியது, முடிவு அவருடையதாக இருந்தது. இதில் எது எத்தனை பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் தன் முடிவாக எடுத்ததை மனிதர் சுமப்பதும், தலையில் வைக்கப்பட்டதைச் சுமப்பதும் ஒன்றல்ல.

கிளே தாம்சனைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாரியர்ஸின் நான்கு கோப்பைகளிலும் பங்குள்ளவர். 2024 பிப்ரவரி 15 அன்று யூட்டாவில் கெர் அவரை உட்காரவைத்து, முதலாண்டு இளைஞர் பிராண்டின் போட்ஸியெம்ஸ்கியைத் தொடங்கவைத்தார். 2012க்குப் பிறகு தாம்சன் பெஞ்சிலிருந்து வந்தது அதுவே முதல் முறை. அன்று 35 புள்ளி எடுத்தார். அவரிடம் பேசும்போது கெர் எடுத்துக்காட்டிய பெயர் ஜினோபிலி. இருந்தும் அந்தக் கோடையில் தாம்சன் வாரியர்ஸை விட்டு டல்லாஸுக்குப் போய்விட்டார். எல்லாம் சரியாகச் செய்தாலும் ஆட்டக்காரர் போய்விடலாம். அதற்கும் பயிற்சியாளர் தயாராக இருக்க வேண்டும், போனவரைக் குறை சொல்லாமல் இருக்கவும் வேண்டும்.

இனி நம் விஷயம். இங்கே கோடி ரூபாய் ஒப்பந்தம் இல்லை. அதற்குப் பதில் கேலரியில் அப்பாவும் மாமாவும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி சீட்டும் வேலையும் கண்ணுக்கு முன் நிற்கின்றன. பதினெட்டு வயதுப் பையன், அல்லது பெண், தொடக்க ஐவரில் தன் பெயர் இல்லை என்று விசில் ஊதும்போது தெரிந்துகொள்கிறார். அல்லது நோட்டீஸ் போர்டில் ஒட்டிய தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். கூட ஆடுகிறவர்கள் முன்னால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நிற்கிறார். இந்தப் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

ஆட்டத்துக்கு முந்தைய நாளே அவரைத் தனியாக அழைத்து, நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். கேப்டனை விட்டுச் சொல்லவைக்காதீர்கள். ஏன் என்பதற்கு உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். எத்தனையாவது நிமிடத்தில் இறங்குவார், யாரோடு இறங்குவார், பந்து அவர் கையில் இருக்குமா என்று சொல்லுங்கள். அவர் கோபப்பட்டால் அந்தக் கோபத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி ஐந்து நிமிடம் கோர்ட்டில் இருப்பார் என்று உறுதி தர முடிந்தால் தாருங்கள், தந்தால் நிறைவேற்றுங்கள். தர முடியாதென்றால் அதையும் மறைக்காமல் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.